எழுவாய் இல்லாத வாக்கியம்

2018-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்து இரவொன்றில், ஒரு நாளிதழின் முதற்பக்கப் பொறுப்பு என்னிடம் இருந்தபோது, "5.62 லட்சம் இந்தியர்களின் தகவல் திருட்டு" என்ற தலைப்பை, பத்தியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்ட திருப்தியோடு அச்சுக்கு அனுப்பினேன். அந்த மாதக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர், உள்நாட்டுக் கடிதத்தில் எழுதி, மூன்று ஓரங்களிலும் பசை தடவி, எழுத்து கிழியாமல் எங்கே கத்தரிக்க வேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டு அனுப்பியிருந்தார். தம் மகளுக்கு ஃபேஸ்புக்கிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது என்றும், அவள் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை என்றும், சிநேகிதி ஒருத்தி ஏதோ கேள்விகளுக்கு விடை சொன்னதற்காக இவளுடைய பிறந்த தேதியும் ஊரும் போய்விடும் என்றால், இதில் திருடன் யார், கதவைத் திறந்துவிட்டது யார் என்பதை உங்கள் பத்திரிகை ஏன் சொல்லவில்லை என்றும் கேட்டிருந்தார். அவருக்கு உடனே பதில் எழுத என்னால் இயலவில்லை; தலைப்பு எழுதிய எனக்கே அந்தச் செய்தி விளங்கியிருக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உளவியல் விரிவுரையாளராக இருந்த அலெக்சாண்டர் கோகன், குணாதிசயப் பரீட்சை ஒன்றைச் செயலியாக அமைத்து ஃபேஸ்புக்கில் உலவவிட, ஏறத்தாழ 2,70,000 பேர் அதை ஏற்றார்கள். திரையில் தோன்றிய அனுமதிப் பெட்டியை ஒருவர் விரலால் ஒருமுறை தொட்ட கணத்திலேயே, அவருடைய விவரங்கள் மட்டுமன்றி, அவருடைய நண்பர் பட்டியலில் இருந்தவர்களின் பெயர், பிறந்த தேதி, ஊர், விரும்பிய பக்கங்கள் ஆகியவையும், அந்த நண்பர்கள் அமைத்து வைத்திருந்த கட்டுப்பாடுகள் இடங்கொடுத்த அளவுக்கு, கோகனின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவரிடமிருந்து கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனைக் கம்பெனிக்குக் கைமாறின. இவ்வாறு விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 8.7 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே பின்னர் கணக்குச் சொல்லிற்று. பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. கடவுச்சொல் எதுவும் களவு போகவில்லை. நண்பர் ஒருவர் கொடுக்கும் சம்மதத்தை நம்முடைய சம்மதமாகவும் பாவிக்கலாம் என்ற ஏற்பாட்டை ஃபேஸ்புக் கம்பெனியே வகுத்து, செயலி செய்வோர் அனைவருக்கும் பல வருஷம் திறந்து வைத்திருந்து, 2014 ஏப்ரலில் அதை மூடப்போவதாக அறிவித்தபோதும், பழைய செயலிகளுக்கு மேலும் ஓராண்டு அவகாசம் அளித்தது.

இதைச் சொல்ல நம் செய்திப் பிரிவுகளில் வழங்கும் வார்த்தைகள் இரண்டுதாம்: திருட்டு, கசிவு. "தகவல்கள் கசிந்தன" என்று எழுதும்போது அங்கே செய்தவன் ஒருவனும் இல்லை. பானை கசிவதுபோல், கூரை ஒழுகுவதுபோல், அது தானாகவே நிகழ்ந்த காரியமாகிவிடுகிறது. "தகவல்கள் திருடப்பட்டன" என்று செயப்பாட்டு வினையில் எழுதும்போதோ செய்தவன் ஒருவன் உண்டு என்பது தெரிகிறது. ஆனால் அவன் எங்கோ வெளியிலிருந்து சுவரேறி வந்த அந்நியன் ஆகிவிடுகிறான். வீட்டுக்காரரோ பறிகொடுத்தவராக, நம் அனுதாபத்துக்கே பாத்திரமானவராக நிற்கிறார். ஃபேஸ்புக் கொடுத்தது, கோகன் எடுத்தார், கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா வாங்கியது என்று எழுவாயும் பயனிலையுமாக மூன்று சிறு வாக்கியங்களில் அடங்கக்கூடிய உண்மையை, அந்த எழுவாய்களில் முதலாவதை விழுங்கிவிட்டு நாம் வெளியிட்டோம் என்பதே என் குற்றச்சாட்டு. அதில் முதல் குற்றவாளி நான்தான். ஆங்கிலப் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல. 2018 மார்ச் 17-ஆம் தேதி அப்சர்வர், நியூயார்க் டைம்ஸ் இதழ்களில் செய்தி வெளியானபோது, இதை அத்துமீறல் என்று சொல்வது முற்றிலும் பொய் என்று ஃபேஸ்புக் அதிகாரி ஒருவர் மறுத்தார். மக்கள் தாமாகவே கொடுத்த விவரங்கள் இவை என்றார். அந்த மறுப்பைச் சாக்கு என்று ஒதுக்கிய அநேகர், அதுவே பெரியதொரு வாக்குமூலம் என்பதைக் கவனிக்கவில்லை.

கவனிக்காமல் விட்டது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. "நண்பர்களுக்கு மட்டும்" என்று ஒருவர் கட்டுப்படுத்தி வைத்த விவரங்களும் அவருடைய நண்பர்கள் உபயோகிக்கும் செயலிகளுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன என்பதை, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2011 நவம்பரிலேயே ஃபேஸ்புக்குக்கு எதிரான தன் புகார்ப் பத்திரத்தில், எவரும் வாசிக்கலாம்படி எழுதி வைத்திருந்தது. 2015 டிசம்பரில் கார்டியன் நிருபர் ஹாரி டேவீஸ், அமெரிக்க செனட்டர் டெட் குரூஸின் தேர்தல் பிரசாரத்துக்காக இவ்விதம் சேகரித்த விவரங்கள் பயன்படுவதை எழுதினார். அப்போது உலகம் அசையவில்லை. அசைவதற்கு டிரம்ப்பின் வெற்றியும், இளஞ்சிவப்பு நிறத் தலைமுடியோடு காமிராவுக்கு முன்னால் வந்து அமர்ந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் முன்னாள் ஊழியர் கிறிஸ்டோபர் வைலி என்ற சாட்சியும், அந்தக் கம்பெனி அதிகாரிகளை மறைவாகப் படம் பிடித்த சேனல் 4 தொலைக்காட்சியும் வேண்டியிருந்தன. அப்சர்வரில் எழுதிய கரோல் கட்வாலடர் முதலானோரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையென்றால் விஷயம் இன்றும் கோப்பில்தான் கிடக்கும். ஆயினும், வில்லன் ஒருவன் கிடைக்கும்வரை ஓர் ஏற்பாட்டைச் செய்தியாகக் காண நம் தொழிலுக்குக் கண் இல்லாமற்போனது என்ற துயரம் என்னை விடுவதில்லை.

நான் தலைப்பில் போட்ட அந்த 5.62 லட்சத்தையும் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் சொன்னது, இந்தியாவில் செயலியை ஏற்றவர்கள் 335 பேர், நண்பர் என்ற முறையில் பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 5,62,120 பேர் என்பது. வகுத்துப் பார்த்தால் ஒருவர் தலையில் ஏறக்குறைய 1,678 நண்பர்கள்! மிகுந்தபட்சம் இவ்வளவு இருக்கலாம் என்ற அனுமானக் கணக்கு அது. "கூடும்" என்ற ஒரே சொல்லை இடம் போதாதென்று நான் வெட்டினேன். அச்சொல்லோடு செய்தியின் சத்தியமும் போயிற்று. 335 என்ற எண்ணோ என் தலைப்பில் மட்டுமல்ல, முதற்பத்தியிலும் இல்லை. அந்த 335-ஐயும் 5,62,120-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தால், தபால்காரர் கேட்ட கேள்விக்கு வாசகர் ஒவ்வொருவரும் தாமே விடை கண்டிருப்பார்.

அவருக்கு நான் பதில் எழுதியது அவ்வருஷம் அக்டோபரில், பிரிட்டிஷ் தகவல் ஆணையர் அலுவலகம் ஃபேஸ்புக்குக்கு ஐந்து லட்சம் பவுன் அபராதம் விதித்த பிறகு. செயலியையே ஏற்காமல், ஏற்றவரின் நண்பராக மட்டும் இருந்தவர்களின் விவரங்களையும், தெளிவான சம்மதம் இல்லாமல் எடுக்கவிட்டது கம்பெனியின் குற்றம் என்று அந்த உத்தரவு சொல்லியது. பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே பிறகு கம்பெனி அபராதத்தைக் கட்டிற்று. கதவைத் திறந்தது யார் என்பதற்கு அதிகாரபூர்வமான விடை கிடைத்த அந்தச் செய்தி, எங்கள் நாளிதழில் உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது.

2021 ஏப்ரலில் நம் மொழிக்கு மறுபடியும் ஒரு சோதனை வந்தது. 106 நாடுகளைச் சேர்ந்த 53 கோடிக்கும் மேற்பட்டவர்களின் ஃபேஸ்புக் விவரங்கள், தொலைபேசி எண்களோடு, இணையத்தில் இறைந்து கிடந்தன. கைப்பேசியிலுள்ள எண்களைக் கொண்டு நண்பர்களைத் தேடித்தரும் வசதிக்குள், எண்களை மூட்டை மூட்டையாகக் கொட்டி, எந்த எண் யாருடையது என்று வழித்தெடுத்திருந்தார்கள். நம் பத்திரிகைகளில் இதுவும் "கசிவு" ஆயிற்று.

சம்மதம் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகையாளருக்குப் புதியதன்று. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது குறித்த ராஜகோபால் வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், பிரசுரத்தை முன்கூட்டித் தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றது. அதே தீர்ப்பில், பொது ஆவணங்களில் உள்ளவற்றுக்கு அப்பால் ஒருவருடைய அந்தரங்கத்தை, அது உண்மையாகவே இருந்தாலும், அவருடைய சம்மதமின்றி வெளியிடலாகாது என்றும் வரம்பு கட்டியது. அந்த வரம்பை நினைத்துக்கொண்டு நம் பக்கங்களைப் புரட்டினால் மனம் கூசுகிறது. விபத்தில் இறந்துபோன பெண்ணின் படத்தை, அவள் தன் தோழிகளுக்காகப் போட்டு வைத்த பக்கத்திலிருந்து எடுத்து, அடியில் "படம்: ஃபேஸ்புக்" என்று பொடி எழுத்தில் அச்சிடுகிறோம். எடுத்தவர் யார், யாரைக் கேட்டு எடுத்தார் என்ற இரண்டும் அந்த இரண்டு சொற்களில் இல்லை.

2023-ஆம் வருஷத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 2019 மசோதாவில் இருந்த பத்திரிகைப் பணிக்கான விதிவிலக்கு இல்லை. அது மீண்டும் வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. கேட்கும் வாய்க்குத் தகுதி வேண்டுமானால், இவ்விஷயத்தை எழுதும் மொழியை முதலில் சீர்செய்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறேன்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு சொற்பட்டியல் வெளியிட உத்தேசித்திருக்கிறோம். பூட்டை உடைத்து நுழைந்தால் ஊடுருவல். திறந்திருந்ததை இயந்திரம் கொண்டு வாரினால் வழித்தெடுப்பு. பூட்ட மறந்து கிடந்தால் பாதுகாப்பின்றி விடப்பட்டது. நிறுவனமே வழிவிட்டால் கொடுத்தது. இவற்றினும் பொருத்தமான சொற்கள் உதவி ஆசிரியர்களின் குறிப்பேடுகளில் இருக்கக்கூடும். ஒவ்வொரு சொல்லோடும், அதை வைத்து எழுதிய தலைப்பு ஒன்றையும், அது எத்தனை பத்தி அகலத்துக்குப் பொருந்தும் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். அகலத்துக்காகத்தான் நான் அன்று "திருட்டு" என்று போட்டேன்.