நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு வந்த கடிதம்



டிக்கோயாவில் எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வரும். பிறகு யார் கையிலாவது எங்களுக்கு வந்து சேரும். அரசாங்கப் பயிற்சி நிலையம் ஒன்று என் மகனுக்கு அனுப்பிய நேர்முகத் தேர்வுக் கடிதமும் அப்படித்தான் வந்தது, தேர்வு முடிந்து ஐந்தாம் நாள். முழுவதும் சிங்களத்தில். பஜாரில் கடைக்காரர் ஒருவர்தான் வாசித்துச் சொன்னார்.

மகன் சாதாரண தரம் சித்தியடைந்தவன். வயரிங் வேலை படிக்க விண்ணப்பித்திருந்தான். நேரில் போய்க் கேட்டோம். மரியாதையாகத்தான் பேசினார்கள். அடுத்த அணி அடுத்த வருடமாம். அதுவும் சிங்களத்தில்தானாம், தமிழில் படிப்பிக்கப் போதனாசிரியர் இல்லையாம். கொஞ்சம் சிங்களம் தெரியுந்தானே, சமாளிக்கலாம் என்றார் ஒருவர். பஸ்ஸில் மிச்சக்காசு கேட்கிற சிங்களம் அவனுக்குத் தெரியும். பரீட்சை எழுதுகிற சிங்களம் தெரியாது.

தமிழ் அரச கரும மொழியானது 1987இல். அம்பகமுவ உட்பட நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலாளர் பிரிவுகளில் சிங்களத்தோடு தமிழும் நிர்வாக மொழி என்று 1999இல் வர்த்தமானியும் வந்துவிட்டது. அந்த வருடம் பிறந்த பிள்ளைகளே இன்று தகப்பன்மார்.

சில வருடங்களுக்கு முன் ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையத்தின் பெயரை மாற்றப் போனபோது மலையகத்தில் எவ்வளவு கொந்தளிப்பு! (நான் மேலே சொன்னது அந்த நிலையத்தை அல்ல.) பலகையில் யார் பெயர் என்பதற்குக் காட்டிய கோபத்தில் பாதியை, பயிற்சி நிலையங்களுக்குள்ளே எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்பதற்கு நாம் காட்டவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் கைத்தொலைபேசி இலக்கம் கேட்கிறார்களே, ஒரு குறுஞ்செய்தி அனுப்ப என்ன செலவு? கடிதத்தைத் தமிழிலும் அடித்தால் என்ன? போதனாசிரியர் இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். ஹட்டன் பஜாரைச் சுற்றி வருடக்கணக்காக வயரிங் வேலை செய்யும் தமிழர்கள் இருக்கிறார்கள். அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் நாட்டில் இருக்கிறது. அவர்களை மதிப்பிட்டு, படிப்பிக்கவும் பழக்கி, பகுதிநேரமாக எடுக்கட்டும்.

என் மகன் அடுத்த அணிவரை காத்திருக்கவில்லை. கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறான். போன வாரம் அதே நிலையத்திலிருந்து அவனுக்கு இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. அதுவும் சிங்களத்தில். பஜாருக்கு எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளி ஒருவர்,
டிக்கோயா.