ஏந்த உரிமை உண்டு. பயிலக் கடமை இல்லையா?

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே, பிறர் கை நகங்களைத் திருத்திச் சாயம் பூசும் தொழிலைச் செய்ய விரும்பும் ஒரு பெண் 600 மணி நேரம் பயின்று, பரீட்சையிற் சித்தியெய்தி, அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் பெறல் வேண்டும். அதே மாநிலத்திலே, ரவை நிரப்பிய கைத்துப்பாக்கியை இடுப்பிற் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போக விரும்பும் ஒருவன், முன்னைய குற்றத்தீர்ப்பு முதலிய தடைகள் இல்லாதவனாயின், ஒரு மணி நேரமேனும் பயில வேண்டியதில்லை. 2021 செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் அங்கு இதுவே சட்டம். நகத்துக்கு உள்ள காவல் உயிருக்கு இல்லை! என்னே விந்தை!

ரெக்சாஸ் மட்டுமா? 2024 ஆம் ஆண்டளவில் 29 மாநிலங்கள் இந்நிலையை அடைந்துவிட்டன. ஆயுதம் ஏந்தும் உரிமையை 1791 இல் அந்நாட்டு அரசியற்றிட்டத்தின் இரண்டாந் திருத்தம் வழங்கியது. வீட்டிலே கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனிதனின் உரிமை என்று 2008 இலும், அதனை வெளியே எடுத்துச் செல்வதும் உரிமையே என்று 2022 இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை நன்றா தீதா என்னும் வழக்கை நாம் இங்கு எடுக்கவில்லை. அது அந்நாட்டு மக்களின் வழக்கு. நாம் கேட்பது வேறு. உரிமையைப் பெற்றவன் அதனைக் கையாளக் கற்கவும் வேண்டாமா?

தற்காப்புத் துப்பாக்கிப் பயிற்சி என்றவுடன் சினிமாக் காட்சிகளே பலர் கண்முன் தோன்றும். உண்மை அஃதன்று. முன்னாள் கடற்படைத் துருப்பு அதிகாரியான ஜெஃப் கூப்பர் என்பவர் 1976 இல் அரிசோனா மாநிலத்திலே ஒரு பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். இன்று அந்நாடெங்கும் நடைபெறும் பயிற்சி வகுப்புகளிற் பெரும்பாலானவை அவர் வகுத்த நான்கு விதிகளையே முதற்பாடமாகக் கொள்கின்றன. எந்தத் துப்பாக்கியையும் ரவை நிரம்பியதாகவே கருத வேண்டும். அழிக்க மனமில்லாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பலாகாது. குறி பார்த்து முடியும்வரை விரல் விசையைத் தொடலாகாது. சுடப்படுவது யார், அவருக்குப் பின்னால் இருப்பது என்ன என்று தெளிதல் வேண்டும். இந்நான்கையும் சொல்ல நான்கு நிமிடம் போதும். கைக்குப் பழக்க நாட்கள் வேண்டும். நல்ல ஆசான் வெறுந் துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கவும் மீள வைக்கவும் நூறு முறை செய்வித்த பின்னரே முதல் ரவையைக் கையிற் கொடுப்பான்.

அடுத்து வருவது தூரப் பாடம். 1983 இல் டெனிஸ் ருவெல்லர் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் எழுதிய கட்டுரை ஒன்று இத்துறையிலே புகழ்பெற்றது. கத்தியோடு ஓடிவருபவன் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரை வினாடியிற் கடந்துவிடுவான். பழகியவன் துப்பாக்கியை எடுத்துக் குறிவைக்கவும் அவ்வளவு நேரமே ஆகும். இதனைக் கேட்பவன் என்ன கற்கிறான்? இடுப்பிலே துப்பாக்கி இருப்பதால் தான் காக்கப்பட்டவன் அல்லன் என்பதையே கற்கிறான். ஆகவே கண்விழிப்பும், விலகி நடத்தலும், வாய்ச்சண்டையை விட்டுக்கொடுத்தலும் அவ்வகுப்புகளிற் பாடமாகின்றன.

ஆயினும் எம் கருத்திலே மிகப் பெரிய பாடம் சுடாதிருக்கும் பாடமே. பயிற்சித் திடலிலே மனித உருவம் தீட்டிய அட்டைகள் திடீரெனத் திரும்பும். ஒன்றின் கையிலே துப்பாக்கி. மற்றொன்றின் கையிலே பணப்பை. பணப்பைக்காரனைச் சுட்டவன் தவறியவனே, எத்துணை நேராகச் சுட்டிருந்தாலும்! இது வெறும் விளையாட்டன்று. 1999 பெப்ரவரியிலே நியூயோர்க் நகரில், தன் வீட்டு வாசலில் நின்ற அமடு டியாலோ என்னும் கறுப்பின இளைஞன் சட்டைப்பைக்குள் கைவிட்டான். நான்கு பொலிசார் 41 முறை சுட்டனர்; 19 ரவைகள் அவன் உடலிற் பாய்ந்தன. அவன் எடுத்தது பணப்பை!

அவர்கள் பயிற்சி பெற்ற பொலிசார் அல்லரோ என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டியதே. 2012 ஓகஸ்டிலே அதே நகரில், எம்பயர் ஸ்டேட் மாளிகை அருகே, தம்மை நோக்கித் துப்பாக்கி நீட்டிய கொலைகாரன் ஒருவனை இரு பொலிசார் 16 ரவைகளாற் சுட்டு வீழ்த்தினர். வழியே சென்ற ஒன்பது பேர் அவர்களின் ரவைகளாலும் சிதறிய துண்டுகளாலும் காயமுற்றனர். எதிரியும் சுடும் வேளையிலே அந்நகரப் பொலிசார் சுட்ட நூறு ரவைகளில் ஏறத்தாழ 18 மட்டுமே குறியிற் பட்டன என்று, 1998 முதல் 2006 வரையான சம்பவங்களை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம் கூறிற்று. 2021 இலே மினசோட்டா மாநிலத்தில், 26 ஆண்டு சேவை பெற்ற பெண் உத்தியோகத்தர் ஒருவர் மின்னதிர்ச்சிக் கருவி என்று எண்ணிக் கைத்துப்பாக்கியை எடுத்து 20 வயது இளைஞன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார்.

பயின்றோர் கதி இது. ஆகவே பயிற்சி வீண் என்று முடிவு கட்டுவதா? பயின்றவனின் கையே நடுங்குமாயின், கடையிலே வாங்கிய பெட்டியை அன்று மாலையே திறந்து இடுப்பிற் செருகியவனின் கை என்ன செய்யும் என்று எண்ணிப் பார்ப்பதா? நாம் இரண்டாவதையே எண்ணுகிறோம்.

அவ்வகுப்புகளிலும் ஒரு பெருங்குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 2023 இல் அமெரிக்காவிலே துப்பாக்கியால் மாண்டோர் ஏறத்தாழ 46,700 பேர். அவர்களில் ஏறத்தாழ 27,300 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். திடலில் நிற்கும் அட்டை மனிதன் எப்போதும் அந்நியனே. வீட்டு அலுமாரியைத் திறக்கும் துயருற்ற மகனை எந்த அட்டையிலும் காணோம். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் பாடத்துக்கு, உறையிலிருந்து எடுக்கும் பாடத்துக்குரிய நேரத்திற் பாதியாவது கொடுக்கப்பட வேண்டும்.

இனி, எம்மைச் சற்றே தயங்க வைக்கும் எதிர்வாதத்துக்கு வருவோம். 1956 ஜனவரியிலே அலபாமா மாநிலத்தின் மொன்ட்கொமரி நகரில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டிலே குண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். அவ்வாண்டிலே அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டார். மறுக்கப்பட்டது! தக்கவர் யார், தகாதவர் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் வெள்ளை அதிகாரியின் கையில் இருந்தது. தீர்மானமும் அவ்வாறே அமைந்தது. பின்னர் கிங் துப்பாக்கியை அறவே கைவிட்டு அறவழி நின்றார் என்பது வேறு கதை. அதே மாநிலத்திலே கறுப்பின மக்களின் வாக்கைப் பறிக்க எழுத்தறிவுப் பரீட்சை என்னும் சூழ்ச்சி கையாளப்பட்டதையும் உலகம் அறியும். பரீட்சை என்ற பெயரைக் கேட்டதும் அம்மக்கள் ஐயுறுவதில் வியப்பென்ன? இன்றும் பயிற்சிக் கட்டணமும் இழந்த நாட்கூலியும் ஏழைக்கே சுமை. நியூயோர்க் மாநிலம் 2022 செப்டெம்பர் முதல் 16 மணி நேர வகுப்பையும் 2 மணி நேரச் சுடுபயிற்சியையும் கட்டாயமாக்கியது. பாடம் நன்று. கட்டணத்தை யார் கொடுப்பது?

2022 ஆம் ஆண்டுத் தீர்ப்பே இதற்கு வழி காட்டியிருக்கிறது. பாதுகாப்புப் பயிற்சி கேட்கும் அனுமதி முறைகளை அத்தீர்ப்பு குறைகூறவில்லை. மட்டற்ற கட்டணத்தாலும் நெடுங் காத்திருப்பாலும் உரிமை மறுக்கப்படுமாயின், அதனை எதிர்த்து வழக்காடவும் அது இடம் வைத்தது. இருந்தும் மாநிலச் சட்டசபைகள் செய்தது என்ன? கட்டணத்தை நீக்குவதற்குப் பதிலாகப் பாடத்தையே நீக்கின!

பயிற்சி கட்டாயமாக இருக்கட்டும். செலவை அரசாங்கமே ஏற்கட்டும். பொலிசாரின் சுடுதிடல்களை ஞாயிற்றுக்கிழமைகளிலே தொழிலாளருக்குத் திறந்துவிடட்டும். சித்தியெய்தியவனுக்கு, அவன் நிறம் யாதாயினும், பத்திரத்தை மறுக்கவோ தாமதிக்கவோ எந்த அதிகாரிக்கும் இடமிருத்தலாகாது. இவற்றைச் செய்ய அரசியற்றிட்டத்திலே ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. வேண்டியது பணம், அது ரெக்சாஸ் மாநிலத்திடம் இல்லாத பொருளன்று.