ஸ்கேனில் தெரியாத கணையம்

வயிற்று வலிக்காக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் வரி ஒன்று உண்டு: குடல் வாயு மறைப்பதால் கணையம் தெளிவாகத் தெரியவில்லை. ஸ்கேன் பார்த்த மருத்துவர் நேர்மையாக எழுதிய வரி அது. அறிக்கை வீடு வந்து சேர்வதற்குள், ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்’ என்று ஆகிவிடுகிறது. பார்க்கவே முடியாமல் போன உறுப்புக்கு நற்சான்று கிடைத்துவிடுகிறது.

குழப்பத்தின் வேர் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு பெரிடோனியம். அதற்குப் பின்னால், முதுகுப் பக்கமாக உள்ள பகுதியை மருத்துவர்கள் ‘ரெட்ரோபெரிடோனியம்’ என்கிறார்கள். சிறுநீரகங்கள், அட்ரீனல் சுரப்பிகள், கணையத்தின் பெரும்பகுதி, மகாதமனி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

பின்னால் இருப்பதாலேயே இவற்றில் வரும் நோயின் போக்கும் மாறுகிறது. கணைய அழற்சியின் வலி மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணியும். அங்கே வளரும் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் கைக்குத் தட்டுப்படாது. பலருக்கு அது முற்றிய பிறகே தெரியவருகிறது.

குடல்வாலும் இப்படி ஒளிந்துகொள்ளும். பிரிட்டன் அறுவைச் சிகிச்சை நிபுணர் செசில் வேக்லி 1933இல் வெளியிட்ட 10,000 பேர் குறித்த ஆய்வில், சுமார் 65% பேருக்குக் குடல்வால் பெருங்குடலின் தொடக்கப் பகுதிக்குப் பின்னால் இருந்தது. அப்படி இருப்பவருக்கு அது வீங்கினாலும், வலது அடிவயிற்றை அழுத்தும்போது வலி அதிகம் தெரியாமல் போகலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது காலைப் பின்னோக்கி இழுக்கும்போதுதான் சிலர் முகம் சுளிப்பார்கள்.

கர்ப்பிணிகளுக்கு இப்படிப் பின்னால் மறைந்திருப்பது உயிர்ப் பிரச்சினையாகவே ஆகலாம். நச்சுக்கொடி முன்கூட்டியே கழன்று அதன் பின்னால் ரத்தம் தேங்கினால், வெளியே ஒரு சொட்டும் வராமலேயே தாய்க்கு ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். புதிதாகத் தேங்கிய ரத்தம் ஸ்கேனில் நச்சுக்கொடியைப் போலவே தெரிந்து ஏமாற்றலாம். ஆகவே, வயிறு பலகைபோல இறுகி, வலி விடாமல் இருந்தால், ‘ஸ்கேன் நார்மல்’ என்பதை நம்பி அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவர் சும்மா இருக்கமாட்டார்.

கவலைப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கும் நாம், தேவையற்ற இடத்தில் பதறுகிறோம். கர்ப்பப்பை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாக அறிக்கையில் ஒரு வரி இருந்தால் போதும், குழந்தை தங்குமா என்ற பேச்சு குடும்பத்தில் கிளம்பிவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்கு கர்ப்பப்பை அப்படித்தான் இருக்கிறது. அந்தச் சாய்வு மட்டும் கருத்தரிப்பைத் தடுப்பதில்லை. நச்சுக்கொடி கர்ப்பப்பையின் பின்சுவரில் ஒட்டியிருப்பதும் இயல்பான ஒன்றே.

இரண்டு தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். அறிக்கை, மருத்துவர் மற்றொரு மருத்துவருக்கு ஆங்கிலத்தில் எழுதும் கடிதமாகவே இருக்கிறது. பணம் கட்டி அதை வாங்கிச் செல்பவர் அதன் வாசகராகக் கருதப்படுவதில்லை. ஒவ்வொரு அறிக்கையின் முடிவிலும் தமிழில் மூன்று வரிகள் கட்டாயமாக வேண்டும்: என்ன பார்த்தோம், எதைப் பார்க்க முடியவில்லை, அடுத்து என்ன செய்யலாம்.

வரிசையில் காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே இதற்கெல்லாம் நேரம் ஏது என்று மருத்துவர்கள் கேட்கலாம். ஆங்கில அறிக்கைகளே பெரும்பாலும் கணினியில் தயாராக இருக்கும் வாசகங்களைக் கொண்டுதான் உருவாகின்றன. தமிழ் வாசகங்களையும் ஒருமுறை எழுதிச் சேர்த்துவிட்டால் போதும். நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்ற வாதமும் நிற்காது. அரைகுறையாகப் புரிந்துகொண்டு இப்போதும் பயப்படத்தானே செய்கிறார்கள்?

கணையம் தெரியாமல் போன எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் தேவையில்லை. அதற்குச் செலவும் உண்டு, கதிர்வீச்சும் உண்டு. சிலருக்கு வெறும் வயிற்றில் மறுபடி ஒரு அல்ட்ராசவுண்ட் போதும். ஆனால், வலி தொடர்ந்து, எடையும் குறைந்துவருகிறவர் தன் மருத்துவரிடம், “கணையத்தை இன்னும் பார்க்கவில்லையே, அதற்கு என்ன செய்யலாம்?” என்று கேட்க முடிய வேண்டும். அந்த மூன்று வரிகளை அரசு கட்டாயமாக்கினால் இந்தக் கேள்வி தானாக வரும்.