திண்டிவனத்து வயற்கணக்கு

குடியாத்தம் கொத்து என்று வழங்கிய பழைய ரகத்திலிருந்து நல்ல செடிகளை மட்டும் பொறுக்கித் திரட்டி, திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தார் 1940-ஆம் ஆண்டு வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை, தான் பிறந்த ஊரின் பெயரை முன்னெழுத்துகளாகத் தாங்கிக்கொண்டு, தென்னாற்காட்டு மானாவாரிப் புன்செய்களில் மட்டுமன்றி ஆந்திர தேசத்திலும் கன்னட தேசத்திலும் பல பத்தாண்டுக் காலம் குடியானவர்களின் நம்பிக்கைக்குரிய விதையாக இருந்துவந்தது. அது பழைய செய்தி. இன்றைய மரபணு விஞ்ஞானத்தில் அதே ரகம் வேறொரு காரியம் செய்துவருவது விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தாரில் பலர் கேள்விப்படாத விஷயம். ஐதராபாத்தை அடுத்த படான்செருவில் இக்ரிசாட் என்னும் சர்வதேச நிறுவனத்தார், இலைப்புள்ளி நோயையும் துரு நோயையும் தாங்கக்கூடிய கடலைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்நோய்களுக்கு எளிதில் இரையாகும் ஒப்பீட்டு ரகமாக டி.எம்.வி. 2-ஐப் பக்கத்திலேயே விதைத்து, அதன் இலைகளில் நோய் எவ்வளவு படர்கிறது என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரோ, டி.எம்.வி. 2-ஐயும், அதிலிருந்தே ரசாயனத் தூண்டுதலால் தோன்றிய குறுகிய இலையுள்ள செடியையும் ஒன்றோடொன்று கலந்து, பிறந்த சந்ததிகளைத் தனித்தனியே அளந்து, எந்தப் பண்பு குரோமோசோமின் எந்தப் பகுதியோடு சேர்ந்து வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்படிக் கணக்கிடும் வித்தைக்குப் புள்ளியியல் மரபியல் என்று பெயர். அந்த வித்தையில் தேர்ந்த ஒருவரையாவது, வேறு பொறுப்புகளைத் தலையில் கட்டாமல், அதற்கென்றே ஏற்பட்ட நிரந்தர உத்தியோகத்தில் திண்டிவனத்தில் அமர்த்த வேண்டும். வயலில் எழுதப்பட்ட பழைய பதிவேடுகளையும் இனி எழுதப்படுவனவற்றையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவாக வெளியிட வேண்டும். இந்த இரண்டையும் சர்க்காரும் நிலையத்தை நடத்தும் பல்கலைக்கழகமும் இனித் தள்ளிப்போடலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த சாஸ்திரம் பிறந்ததே வயலில்தான். 1918-ல் ரொனால்ட் ஃபிஷர் என்ற ஆங்கிலேயர், உயரம் போலப் படிப்படியாக வேறுபடும் குணங்களும் மெண்டல் கண்ட விதிப்படியே, சிறு சிறு விளைவுடைய பல காரணிகளால் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குகின்றன என்று கணிதத்தால் நிரூபித்துவிட்டு, அடுத்த ஆண்டே ராதம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்த விளைச்சல் ஏடுகளைப் புரட்டத் தொடங்கினார். ஒரே ரகம் வரப்போரப் பாத்தியில் ஒரு விதமாகவும் நீர் தேங்கும் பள்ளத்தில் வேறு விதமாகவும் காய்க்கும். அந்த வித்தியாசத்தில் மண்ணின் பங்கு எவ்வளவு, வித்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறியும் முறையை அவர் வகுத்தார். இன்று உலகெங்கும் ரகங்களைப் பாத்தி பாத்தியாக மாற்றிப் போட்டுச் சோதிப்பது அந்த முறையைப் பின்பற்றித்தான். 1957-ல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்து சேர்ந்த ஜே.பி.எஸ். ஹால்டேன், விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே, கண்ணும் காகிதமும் பொறுமையும் கொண்டு இந்தியாவில் உயர்ந்த உயிரியல் ஆராய்ச்சி செய்ய முடியும் என்று நம்பினார். அவரோடு பணியாற்றிய எஸ்.கே. ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணி எண்ணி ஆராய்ந்தது அந்த நம்பிக்கையின் பயன்.

எண்ணுவதென்றால் என்ன என்பதைக் கடலை அறுவடை நாளில் சோதனை வயலுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பாத்தியிலும் முன்னரே அடையாளமிட்ட சில செடிகளை மட்டும் தனியே பிடுங்கி, மண்ணை உதறி, வரப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முற்றிய காய், பிஞ்சு, பொக்கு என்று மூன்றாகப் பிரித்து எண்ணிச் சொல்ல, ஒருவர் பாத்தியின் எண்ணைச் சரிபார்த்து ஏட்டில் எழுதிக்கொள்வார். பிறகு காயை வெயிலில் உலர்த்தி எடை போட்டு, உடைத்து, பருப்பு எத்தனை சதவீதம் தேறுகிறது, நூறு பருப்பின் எடை எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதற்கு முன்பே, செடி நிற்கும்போது, இலைப்புள்ளியும் துருவும் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று ஒன்று முதல் ஒன்பது வரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். ஒன்று என்றால் நோயே இல்லை; ஒன்பது என்றால் இலை ஏறக்குறைய முழுதும் அழிந்தது. மல்லாட்டை என்று நம் பக்கத்தார் சொல்லும் கடலையைக் கொய்து கொய்து நகக்கண்ணில் மண்ணேறிய அந்தக் கைகள் எண்ணிச் சொல்லும் எண்ணில் பிழை இருந்தால், பிற்பாடு எந்தக் கணிப்பொறியாலும் அதைத் திருத்த முடியாது.

மற்றொரு பக்கம் மரபணு ஏடு வெகு வேகமாக எழுதப்பட்டுவிட்டது. நாம் பயிரிடும் கடலை, தென்னமெரிக்காவில் இரண்டு காட்டுச் செடிகள் தற்செயலாகக் கலந்து, இரு தரப்புக் குரோமோசோம்களையும் முழுமையாக வைத்துக்கொண்டு பிறந்தது. ஆகவே அதற்கு இருபது இணைகள். 1970-களில் பொலிவியாவில் சேகரிக்கப்பட்ட ஒரு காட்டுக் கடலையின் மரபணுத் தொகுதியை 2016-ல் டேவிட் பெர்டியோலி முதலிய விஞ்ஞானிகள் படித்துப் பார்த்தபோது, அது நம் கடலையின் ஒரு பாதியோடு ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது. ஆதிகாலத்து உழவர்கள் தங்களோடு எடுத்துச் சென்று விதைத்த செடியின் வம்சமே அங்கே தங்கிவிட்டது போலும் என்று அவர்கள் ஊகித்தார்கள். இந்த ஒரு செய்திக்காகவே கடலையை வணங்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. 2019-ல் பயிர்க்கடலையின் சுமார் 250 கோடி மரபணு எழுத்துகளும் வெளியாகிவிட்டன. ஒரு செடியின் இலைத்துண்டைக் கொடுத்தால் 58,000-க்கு மேற்பட்ட இடங்களில் எழுத்து என்ன என்று ஒரே தடவையில் சொல்லிவிடும் சில்லும் இருக்கிறது.

இவ்வளவு எழுத்து கையில் வந்தபின்தான் கணித வல்லுநரின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. இருபதுக்கு ஒன்று என்ற சாதாரண வரம்பை வைத்துக்கொண்டு 58,000 இடங்களையும் சோதித்தால், விளைச்சலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத இடங்களிலேயே சுமார் 2,900 இடங்கள் தொடர்புடையவை போலப் பொய்க்காட்சி தரும். அன்றியும், கொத்துக் கடலையும் கொடிக் கடலையும் நெடுங்காலமாகப் பிரிந்து வளர்ந்த இரு குலங்களாதலால், அந்தக் குலபேதத்தைக் கணக்கில் கழிக்காமல் விட்டால், இரண்டுக்கும் இடையே வேறுபடும் எந்த எழுத்தும் வயதுக்கும் காரணம், பருமனுக்கும் காரணம், எண்ணெய்க்கும் காரணம் என்று தோன்றிவிடும். மென்பொருளின் பொத்தானை அழுத்தப் பழகியவர் பலர் கிடைப்பர். வெளிவந்த விடையைச் சந்தேகிக்கக் கற்றவரோ அரியவர்; அவரைத்தான் நான் திண்டிவனத்துக்குக் கேட்கிறேன்.

துரு நோய் விஷயத்தில் அதிர்ஷ்டம் நம் பக்கம் இருந்தது. கார்டெனாசியை என்னும் பொலிவியக் காட்டுக் கடலையிலிருந்து வழிவழியாக வந்து ஜி.பி.பி.டி. 4 என்ற தார்வாட் ரகத்தில் குடிகொண்ட ஒரு குரோமோசோம் துண்டு, ஒரு கலப்புச் சந்ததியில் துரு எதிர்ப்பின் வேறுபாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் தானே விளக்கியது. அத்தகைய துண்டைக் குறியீடு வைத்துப் பின்தொடர்ந்து நல்ல ரகங்களுக்குள் கொண்டுவந்துவிடலாம், கொண்டுவந்தும் இருக்கிறார்கள். விளைச்சல் அப்படிப்பட்ட எளிய குணமல்ல. அது நூற்றுக்கணக்கான சிறு காரணிகள் மண்ணோடும் மழையோடும் கூடிச் செய்யும் காரியம். 2020-ல் வெளியான ஆய்வொன்றில் இக்ரிசாட் விஞ்ஞானிகளும் பிறரும் 340 கடலை வகைகளைப் பல இடங்களில் பயிரிட்டு, மரபணு எழுத்துகளை மட்டும் கொண்டு குணங்களை முன்கூட்டிச் சொல்ல முயன்றார்கள். பூக்கும் நாள், நூறு பருப்பின் எடை, துருவின் தாக்கம் ஆகியவற்றை நன்றாகவே சொல்ல முடிந்தது. செடிக்கு எத்தனை காய், மொத்த விளைச்சல் எவ்வளவு என்பவற்றிலோ கணக்கு நடுத்தரமாகவே பலித்தது. அந்த இடங்களில் தமிழகத்தின் சார்பில் இருந்தது ஆழியாறு நகர். பொள்ளாச்சிப் பக்கத்து மலையடிவாரத்தில் தேறிய கணக்கை, வடகிழக்குப் பருவமழையின் முழு வேகத்தையும் ஏற்று, பிறகு மாதக்கணக்கில் காயும் திண்டிவனத்துச் செம்மண்ணுக்கு அப்படியே கொண்டுவந்து பொருத்த முடியாது. இங்கே விளைந்ததை இங்கேயே எண்ணி எழுதினால்தான் இந்த மண்ணுக்கான கணக்கு கிடைக்கும். எழுத்தை மட்டும் சேர்த்துவைத்து விளைச்சலைச் சேர்க்காமல் விடுவது, பேரேட்டில் பற்றை எழுதி வரவை எழுதாமல் விட்டதற்குச் சமானம்.

பெரிய கணிப்பொறிகள் ஐதராபாத்தில் இருக்க, சிறிய ஊரில் வல்லுநர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தரவைக் கம்பி வழியே எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். ஆனால் ஒரு பாத்தியில் மட்டும் விளைச்சல் திடீரென்று விழுந்திருப்பதைக் கண்டு, அது ரகத்தின் குறையா, அந்த வாரத்தில் சுருள்பூச்சி வந்ததா, வாய்க்கால் உடைந்ததா என்று நடந்துபோய்க் கேட்டு எழுதிவைக்கக்கூடியவர் வயலுக்குப் பக்கத்தில்தான் இருந்தாக வேண்டும். அப்படிக் கேட்டு எழுதப்படாத விபத்துகளெல்லாம் பிறகு மரபணுவின் குணமாகவே கணக்கில் ஏறிவிடும். ஏடுகளை வெளியிட்டால் பிறர் அவற்றைக் கொண்டு பெயர் வாங்கிக்கொள்வார்கள் என்ற பயமும் அதிகாரிகளிடம் இருப்பது இயல்பு. அதற்குப் பரிகாரம் ஏட்டைப் பூட்டிவைப்பதன்று. எண்ணியவர், எழுதியவர், நிலையம் ஆகிய மூவரின் பெயரையும் தரவோடு சேர்த்துப் பதிந்து, பயன்படுத்துகிறவர் அவற்றைக் குறிப்பிட்டே தீர வேண்டும் என்று விதி செய்வதுதான்.

இதனால் குடியானவருக்கு என்ன லாபம் என்பதே முடிவான கேள்வி. விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டையோடு வருகிறவர் பருப்பின் எடையையும் பொக்கின் அளவையும் பார்த்தே விலை பெறுகிறார். இலைப்புள்ளிக்கு மருந்தடித்த செலவு அவர் கைப்பொறுப்பு. மார்கழிப் பட்டத்து இறவைக் கடலைக்கு ஒரு ரகமும் ஆடிப் பட்டத்து மானாவாரிக்கு வேறொரு ரகமும் பொருந்தும் என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருக்கிறார். அந்த அறிவுக்கு எண்ணும் காரணமும் சேர்ந்தால், புதிய ரகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பட்டம் பட்டமாகக் காத்திருக்கும் காலம் குறையும். வருகிற மார்கழி விதைப்பிலேயே இதைத் தொடங்கலாம். விதைத்த தேதி, பாத்தி வரைபடம், அன்றாட மழையளவு, நோய் மதிப்பெண், காய்க்கணக்கு ஆகிய ஐந்தையும் ஒரே அட்டவணையில் சேர்த்து, சித்திரையில் காய் பிடுங்கி உலர்ந்ததும் வெளியிட்டுவிட்டால், அடுத்த விதைப்புக்கு முன்பே விழுப்புரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் அதைத் தம் கணிப்பொறியில் இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட முடியும்.