கேம் கார்டும் உடைமையும்: ஓர் எதிர்வினை

சோனி நிறுவனம் 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் வீட்டா என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கான கேம் கார்டுகளை, அதாவது விளையாட்டு பதியப்பட்ட தபால்தலை அளவிலான நினைவகச் சில்லுகளை, தேடிச் சேர்ப்பது வெறும் பொருட்பற்று என்றும், அவ்விளையாட்டுகள் இணையக் கடையிலேயே கிடைக்கின்றன என்றும் சிலர் வாதிடுகின்றனர். கடை என்றென்றும் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையின் மீதே இவ்வாதம் நிற்கிறது. வீட்டாவுக்கான இணையக் கடையை 2021 ஆகஸ்டில் மூடப்போவதாக அவ்வாண்டு மார்ச்சில் அறிவித்த சோனி, பயனர்களின் எதிர்ப்புக்குப் பிறகே ஏப்ரலில் அம்முடிவைக் கைவிட்டது என்பதை நினைத்தால், அந்நம்பிக்கை எவ்வளவு உறுதியற்றது என்பது விளங்கும். மேலும், தரவிறக்கிய விளையாட்டு வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்படுவதால் அதை விற்கவோ இரவல் தரவோ இயலாது. கார்டையோ எந்த நாட்டில் வாங்கினாலும் எந்த வீட்டாவிலும் செருகி ஆடலாம். கார்டும் காலப்போக்கில் பழுதாகலாம், பின்னர் வந்த பிழைதிருத்தங்கள் அதில் இரா என்னும் மறுப்பு ஏற்கத்தக்கதே. எனினும் அது இரு வடிவங்களையும் பேண வேண்டும் என்பதற்குச் சான்றாகுமேயன்றி, ஒன்றைக் கைவிடுவதற்குக் காரணமாகாது. ஆகவே, கார்டு சேர்ப்போரைப் பொருட்பற்றாளர் எனப் பழிப்பது பொருந்தாது.