வெளிநாடு போகாதவர்

தென்கடல் தீவுகளுக்குப் போய்விட்டதாக எல்லோரும் நம்பிய பார்சலோனா தொழிலதிபர் ஒருவர், ஓராண்டு கழித்து அதே ஊரில் கத்திக்குத்துப்பட்டுப் பிணமாகக் கிடக்கிறார். கொலையாளியைவிட, அந்த ஓராண்டு அவர் எங்கிருந்தார் என்பதே அவருடைய விதவைக்கு முக்கியம். அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் கர்வாலோவை அமர்த்துகிறார். மனுவேல் வாஸ்கெஸ் மொந்தல்பான் 1979-இல் எழுதிப் பிளானேட்டா பரிசு பெற்ற ஸ்பானிய நாவல் இது.

பெங்களூரிலும் இதே கேள்வி எழுந்தது. ஆனால் அது கதையல்ல.

மைசூர் திவான் சர் மிர்சா இஸ்மாயிலின் பேத்தி ஷகேரே கலீலி. 4 பெண்களின் தாய். வெளியுறவுத் துறை அதிகாரியான கணவரை விவாகரத்து செய்து, 1986-இல் சுவாமி ஷ்ரத்தானந்தா என்ற முரளி மனோகர் மிஸ்ராவை மணந்தார். சொத்துகளைக் கையாளும் அதிகாரப் பத்திரத்தையும் அவருக்கே எழுதிக் கொடுத்தார். 1991 மே மாதக் கடைசிக்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

தாயைத் தேடிய மகளுக்கு ஷ்ரத்தானந்தா ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பதில் சொன்னார். வெளியூர் போயிருக்கிறார் என்றார். பிறகு, பிரசவத்துக்காக அமெரிக்க மருத்துவமனையில் இருக்கிறார் என்றார். மகள் விசாரித்தார். அந்த மருத்துவமனையில் அப்படி யாருமில்லை. போதாக்குறைக்கு, தாயின் பாஸ்போர்ட் அந்த மனிதரிடமே இருந்தது. 1992 ஜூனில் அசோக்நகர் காவல் நிலையத்தில் மகள் புகார் கொடுத்தார்.

அதன் பிறகும் ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஓடின. 1994 மார்ச்சில் மத்தியக் குற்றப் பிரிவு வழக்கைக் கையில் எடுத்ததும் முடிச்சு அவிழ்ந்தது. ரிச்மண்ட் சாலை வீட்டின் பின்புறம் ஷ்ரத்தானந்தாவே இடத்தைக் காட்டினார். தோண்டியபோது மரப்பெட்டிக்குள் எலும்புக்கூடு. தோண்டியதை வீடியோவில் பதிவு செய்தார்கள். அது நீதிமன்றத்தில் சாட்சியமானது. பெட்டியும் குழியும் முன்கூட்டியே தயாரானவை என்பதும் வெளிவந்தது. அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லப்பட்டவர், தம் வீட்டை விட்டே போகவில்லை!

2005-இல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2007-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் தண்டனையில் வேறுபட்டனர். 2008 ஜூலையில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, தூக்கும் வேண்டாம், 14 ஆண்டில் விடுதலையும் வேண்டாம், ஆயுள் முடியும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் தொடர்பான 2015 தீர்ப்பில், அரசியல் சாசன அமர்வு இந்த வகைத் தண்டனையை ஏற்றுக்கொண்டது.

சட்டப் புத்தகங்களில் இந்த வழக்கு குற்றவாளியின் பெயரிலேயே நிற்கிறது. ஆனால் வழக்கை நகர்த்தியது, சொன்ன பதிலை நம்பிச் சும்மா இருந்துவிடாத மகள். பெரிய குடும்பம், விவாகரத்து, மறுமணம். வெளியே இருப்பவர்களுக்கு இவையே பேசத் தீனி. மகளுக்கோ ஒரே கேள்விதான்: அம்மா எங்கே? அதை அவரே கேட்டார், பதில் கிடைக்கும்வரை.