இடிபாட்டின் அழகு

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள கேரி நகரிலே ஒரு மெதடிஸ்த தேவாலயம் கூரையிழந்து நிற்கிறது. அதனுள்ளே புகும் கலாரசிகர் சிலர், வளைவுகளினூடே விழும் ஒளியையும் தரையில் முளைத்த மரங்களையும் நிழற்படமாக்கி, 'காலத்தின் கோலம்' என உருகுகின்றனர். காலத்தின்மீது பழிபோடுதல் எளிது. அது மறுத்துரைக்க வராது.

1906இல் இந்நகரைத் தோற்றுவித்தது யுனைற்றட் ஸ்ரேற்ஸ் உருக்குக் கம்பனி. நகரின் பெயரே கம்பனித் தலைவருடையது. 1926இல் எழுந்த இத்தேவாலயத்துக்குச் செலவான ஏறத்தாழப் பத்து லட்சம் டொலரிற் பாதியளவை வழங்கியதும் அக்கம்பனியே. தொழிலாளரின் உழைப்பிலே திரண்ட செல்வத்தின் சிறுபகுதி தருமமாகத் திரும்பியது!

1960இல் 178,000 பேர் வாழ்ந்த நகரில் 2020இல் எஞ்சியோர் 69,000 பேரே. ஆலை மூடப்பட்டதா? இல்லை, இன்றும் இயங்குகிறது, தேவையற்றோராக்கப்பட்டவர் தொழிலாளர். 1967இல் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் ஹட்சர் நகரபிதாவாகத் தெரிவானதும் வெள்ளையரின் வெளியேற்றம் விரைவுற்றது. வணிக நிலையங்களும் புறநகருக்குப் பெயர்ந்தன. சபையார் அருகி, 1975இல் ஆலயம் மூடப்பட்டது. 1997இல் தீயும் அதனைச் சிதைத்தது.

இவற்றுள் எது காலத்தின் செயல்? இலாப வேட்டையும் நிறவெறியும் செய்த வேலையைக் காலத்தின் கணக்கில் எழுதுவது கலையாகாது. அது குற்றவாளியை மறைக்கும் கைங்கரியம். அழகைக் காணவேண்டாமென யாரும் கூறவில்லை. ஆனால், அவ்வாலயத்தைச் சூழ்ந்து இன்றும் மனிதர் வாழ்கின்றனர். அவர்களை விலக்கிவிட்டுக் கல்லை மட்டும் போற்றும் இரசனையை நாம் ஏற்கமுடியாது.